பெயரும் பணியும்: ஓப்பன் ஆபிஸ் பிளவு பற்றிய ஓர் ஆய்வு

கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைவது மக்கள் இயல்பு. பலகை பழையது, பெயரும் நல்ல பெயர் என்றால், உள்ளே இருப்பவர் யார், சரக்கு எப்போது வந்தது என்று கேட்பவர் சிலரே. கணினி உலகிலும் இவ்வழக்கே காணப்படுகிறது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பயன்படும் ஓப்பன் ஆபிஸ் என்னும் மென்பொருளின் பெயர் இருபதாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் அறிமுகமானது. அதன் ஆக்கத்தில் பங்குகொண்டோருள் பலர் 2010-ஆம் ஆண்டிலேயே விலகிச் சென்று, அதே மூலத்திலிருந்து லிப்ரெ ஆபிஸ் என்னும் வேறொன்றை வளர்க்கத் தொடங்கினர். பழைய பெயரோ வேறு கைக்குப் போயிற்று. பெயர் ஒருபால், பணி ஒருபால் என்னும் நிலை உண்டாயிற்று.

இவ்விரண்டனுள் உண்மையான வாரிசு எது? பிரிந்து சென்றது முறையா? பழைய பெயரைக் கையில் வைத்திருப்போர்க்கு உரிய கடமை யாது? பணம் கொடாமல் பெற்ற பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். கோடிக்கணக்கான மக்கள் தம் கடிதங்களையும் கணக்குகளையும் ஒப்படைத்திருக்கும் கருவி இது. ஆதலின் இதனை விளையாட்டாகக் கொள்வதற்கில்லை.

கிளைத்தல் என்பது யாது?

கணினிக்குரிய கட்டளைகளை வல்லுநர்கள் முதலில் மனிதர் படித்தறியக்கூடிய ஒரு செயற்கை மொழியில் எழுதுகின்றனர். இதற்கு மூல நிரல் என்று பெயர். பின்னர் அது பொறி உணரும் வடிவுக்கு மாற்றப்படுகிறது. வணிக நிறுவனங்கள் பல, பொறி வடிவை மட்டும் விற்றுவிட்டு மூல நிரலைப் பூட்டி வைத்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருள் அவ்வாறன்று. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமை உரிமப் பத்திரத்திலேயே எழுதித் தரப்படுகிறது.

ஆகவே, ஒரு திட்டத்தை நடத்துவோரின் போக்கு ஒவ்வாதவர்கள் மூல நிரலின் முழுப்படியை எடுத்துக்கொண்டு தனிவழி போகலாம். இதனையே கிளைத்தல் என்பர். இதற்கும் சொத்துப் பிரிவினைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தகப்பன் விட்டுச்சென்ற 4 ஏக்கர் நிலத்தை இரு மக்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 2 ஏக்கர்தான் கிடைக்கும். மூல நிரலைப் பிரித்துக்கொண்டாலோ ஒவ்வொருவர்க்கும் 4 ஏக்கரும் முழுமையாகக் கிடைக்கும். ஒருவர் எடுத்ததனால் மற்றவர்க்கு ஒரு பிடி மண்ணும் குறைவதில்லை.

எனினும், பிரிக்க இயலாதவை மூன்று உண்டு. ஒன்று பெயர். மற்றொன்று உழைப்பாளர். மூன்றாவது மக்களின் நம்பிக்கை. பெயர் ஒருவரிடமே தங்கும். ஓர் உழைப்பாளர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் உழைக்க இயலாது. மக்களின் நம்பிக்கையோ பெரும்பாலும் பெயரின் பின்னாலேயே போகும். கிளைப் பூசல்களை ஆராயப் புகுவோர் இம்மூன்றையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நிரலைப் பற்றிய வழக்குப்போல் தோன்றுவதெல்லாம் உள்ளே இம்மூன்றைப் பற்றிய வழக்காகவே இருக்கக் காணலாம்.

தோற்றமும் வளர்ச்சியும்

1985-ஆம் ஆண்டில் செருமனியின் லூனெபர்க் நகரில் மார்க்கோ பொரீஸ் என்பவர், பள்ளிப் பருவம் கடவாத வயதிலேயே, ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் எழுத்து மென்பொருள் நாளடைவில் கணக்குத்தாள், படம், விளக்கக்காட்சி முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டு ஸ்டார் ஆபிஸ் என்னும் தொகுப்பாக வளர்ந்தது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. வாங்கிய மறு ஆண்டே, 2000 அக்டோபரில், மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸ் திட்டம் இவ்வாறு பிறந்தது. 2002 மே மாதத்தில் அதன் முதற்பதிப்பு வெளியாயிற்று.

அதன் அருஞ்செயல்களுள் ஒன்று ஆவண வடிவைப் பற்றியது. 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஓப்பன் டாக்குமெண்ட் என்னும் பொது வடிவைத் தன் வடிவாக ஏற்றது. 2006-இல் அவ்வடிவு அனைத்துலகத் தர நிறுவனத்தின் ஒப்புதலையும் பெற்றது. ஒரு நிறுவனத்தின் கருவியில் எழுதிய கடிதத்தை வேறொருவர் கருவியிலும் திறக்கலாம். எழுதியவரின் எழுத்து எந்த வணிகர்க்கும் அடிமையாகாது என்பதே இதன் பொருள். மலேசிய அரசும் 2004-இல் பொதுத்துறைக்கெனத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அக்காலத்தில் இத்தகைய மென்பொருள்களின்மீது எழுந்திருந்த நம்பிக்கைக்கு அது ஒரு சான்று.

இத்துணை வளர்ச்சியினூடே ஒரு குறையும் வளர்ந்தது. திட்டத்திற்கு நிரல் எழுதித் தருவோர், தம் எழுத்தின் பதிப்புரிமையில் சன் நிறுவனத்திற்குப் பங்கு எழுதித் தரவேண்டும் என்பது விதி. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதும் பெரும்பாலும் அந்நிறுவனத்தார் கையிலேயே இருந்தது. நாவெல் நிறுவனத்தாரும் அவர்களோடு சேர்ந்தோரும், ஏற்கப்படாத தம் திருத்தங்களைத் தனியே தொகுத்து, கோ-ஊ என்னும் பெயரில் வழங்கிவந்தனர். லினக்ஸ் வழங்கிகள் பலவும் ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் இத்தொகுப்பையே தம் பயனர்க்கு அளித்தன. ஆகவே 2010-இல் தெரிந்த பிளவு 2010-இல் உண்டானதன்று. சுவரில் விரிசல் முன்பே இருந்தது. மழை வந்தபோது வெளியே தெரிந்தது.

பிளவு

2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கி முடித்தது. அதனோடு ஓப்பன் ஆபிஸும் கைமாறிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரு செய்திகள் வந்தன. சன் திறந்து வைத்திருந்த ஓப்பன் சோலாரிஸ் இயங்குதளத்தின் வெளிப்படையான வளர்ச்சியை ஆரக்கிள் நிறுத்திவிட்டது. ஜாவா தொடர்பாகக் கூகுள் நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தது. ஓப்பன் ஆபிஸுக்கு உழைத்துவந்த வெளியார், அடுத்த முறை தம்முடையதோ என்று அஞ்சியதில் வியப்பில்லை.

2010 செப்டம்பர் 28-ஆம் நாள் அவர்கள் டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பை அறிவித்தனர். தம் கிளைக்கு லிப்ரெ ஆபிஸ் என்று தற்காலிகப் பெயர் சூட்டினர். தற்காலிகம் என்று அவர்களே சொன்னது கவனிக்கத்தக்கது. ஆரக்கிள் தம்மோடு சேர வேண்டும், பழைய பெயரையும் அமைப்புக்கு அளிக்க வேண்டும் என்று அவர்கள் வெளிப்படையாகவே கேட்டனர். பிரிய விரும்பிப் பிரிந்தவர் எவரும் இவ்வாறு கேட்பதில்லை.

ஆரக்கிள் இசையவில்லை. புதிய அமைப்பில் பங்குகொண்டோர் ஓப்பன் ஆபிஸின் சமூக மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்று அக்டோபரில் அதன் பிரதிநிதிகள் வற்புறுத்தினர். 2011 ஜனவரியில் லிப்ரெ ஆபிஸின் முதற்பதிப்பாகிய 3.3 வெளிவந்தது. செருமனியின் சட்டப்படி அறக்கட்டளை நிறுவ 50,000 யூரோ மூலதனம் வேண்டும் என்று பொதுமக்களிடம் பிப்ரவரியில் கேட்டனர். எட்டே நாளில் அத்தொகை சேர்ந்தது. பயனர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. கிளைக்கு மக்கள் ஒப்புதல் இருந்ததா என்று வினவுவோர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

2011 ஏப்ரலில் ஆரக்கிள் தன் வணிக வளர்ச்சியைக் கைவிட்டது. திட்டம் ஆளின்றி நின்றது. பெயரைக் கேட்டு நின்ற அமைப்பிடம் அதனைக் கொடுத்திருந்தால் பிளவு அன்றே ஒழிந்திருக்கும். ஆரக்கிளோ 2011 ஜூன் மாதத்தில் மூல நிரலையும் பெயரையும் சேர்த்து அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கிற்று. ஐ.பி.எம். நிறுவனம் இதனை ஆதரித்து முன்வந்தது. அந்நிறுவனத்தின் லோட்டஸ் சிம்பொனி என்னும் மென்பொருள் இந்நிரலை ஒட்டி எழுந்ததே ஆகும். இவ்வாறு, கைவிடப்பட்ட ஒரு திட்டத்திற்கு உயிரோடு இரண்டு வாரிசுகள் ஏற்பட்டன. ஒன்றனிடம் பழைய உழைப்பாளர் பலர். மற்றொன்றனிடம் பழைய பெயர்.

ஒருவழி மடை

இரண்டும் ஒரே நிரலிலிருந்து பிறந்தவையாதலின், ஒன்றன் நலனை மற்றொன்று எடுத்துக்கொண்டு இணையாக வளரலாகாதோ என்று கேட்கத் தோன்றும். உரிமங்களின் வேறுபாடே இதற்குத் தடையாயிற்று.

அப்பாச்சி உரிமம் மிகவும் தளர்வானது. நிரலை எடுத்துக்கொள்பவர் தம் திருத்தங்களைத் திறந்து காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மூடிய சரக்காக விற்பனை செய்யவும் தடையில்லை. லிப்ரெ ஆபிஸ் கைக்கொண்ட உரிமங்களோ, திருத்தி வழங்கும் நிரலைத் திறந்தே வழங்க வேண்டும் என்று விதிப்பவை. இதன் விளைவாக, அப்பாச்சி பக்கத்துத் திருத்தங்களை லிப்ரெ ஆபிஸ் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். லிப்ரெ ஆபிஸ் திருத்தங்களை, எழுதியவர் தனியே அனுமதி தந்தாலன்றி, அப்பாச்சி எடுத்துக்கொள்ள இயலாது. மேல் வயலில் பாய்ந்த நீர் கீழ் வயலுக்கு இறங்கும். கீழ் வயல் நீர் மேலேறாது.

இம்மடையின் வழியே லிப்ரெ ஆபிஸ் பெற்ற நன்மையையும் மறைத்தலாகாது. ஐ.பி.எம். தன் சிம்பொனி நிரலை அப்பாச்சிக்கு அளித்தது. அதிலிருந்து வந்த பக்கப்பட்டை வசதி 2013 ஜூலையில் ஓப்பன் ஆபிஸ் 4.0 பதிப்பில் இடம்பெற்றது. லிப்ரெ ஆபிஸும் அதனை எடுத்துக்கொண்டது. மேலும், ஆரக்கிளின் பழைய நிரல் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வந்ததனாலேயே, லிப்ரெ ஆபிஸ் தன் அடித்தளத்தை அதன்மேல் மாற்றி அமைத்து மொசில்லா பொது உரிமத்தையும் கைக்கொள்ள முடிந்தது. அப்பாச்சியால் பயனே இல்லை என்று பேசுவோர் இவ்வுண்மையை மறந்து பேசுகின்றனர்.

பணியின் கணக்கு

வாரிசுரிமையை நிறுவுவது பேச்சன்று, செயல். இரு தரப்பின் செயலையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

லிப்ரெ ஆபிஸ் தொடங்கியவர்கள் முதலில் செய்தது வீடு பெருக்கும் வேலை. பயன்படாத பழைய நிரற்பகுதிகளை நீக்கினர். ஸ்டார் டிவிஷன் காலத்து வல்லுநர்கள் நிரலின் இடையே செருமன் மொழியில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அம்மொழி அறியாதவர்க்கு அந்நிரல் பாதி இருட்டு. அவற்றை வரிவரியாக ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அப்பணி பல ஆண்டு நடந்தது. புதிதாக வருவோர் தொடங்கத்தக்க சிறுசிறு வேலைகளைப் பிரித்து, எளிய பணிகள் என்று பட்டியலிட்டு வைத்தனர். முதல் நாளே பெரிய கணக்கைக் கொடுத்து மாணவனை மிரட்டாமல், செய்யத்தக்கதைக் கொடுத்து ஊக்கும் நல்லாசிரியரின் முறை இது. ஒரு திட்டத்தின் ஆயுள் அதன் அடுத்த தலைமுறையிடம் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வெளியீட்டையும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை என்று வரையறுத்துக்கொண்டனர். 2013-இல் 4.0, 2015-இல் 5.0, 2018-இல் 6.0, 2020-இல் 7.0 என்று அவர்களின் பெரும் பதிப்புகள் தொடர்ந்தன. 2024 முதல் பதிப்பின் எண்ணாக ஆண்டையே இடும் வழக்கத்தை மேற்கொண்டனர். எண்ணைப் பார்த்தாலே பதிப்பின் வயது தெரியும் என்பது பயனர்க்குச் செய்த நல்ல உதவி.

அப்பாச்சி பக்கத்துக் கணக்கு வேறு. 2012 மே மாதத்தில் 3.4, 2013-இல் 4.0, 2014 ஏப்ரலில் 4.1 என்று தொடக்கம் நன்றாகவே இருந்தது. அதன் பின்னர் ஓட்டம் தளர்ந்தது. 2014-க்குப் பின் 2023 முடிய வெளிவந்தவை எல்லாம் 4.1 என்னும் அதே வரிசையின் சிறு திருத்தங்களே. ஏறத்தாழப் பத்தாண்டில் மறு தரப்பு பதிப்பெண் வரிசையையே மாற்றிக்கொண்டு முன்னேற, இத்தரப்பு புள்ளிக்குப் பின் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

மெதுவாக நடப்பது குற்றமன்று. பாதுகாப்பில் மெதுவாக நடப்பதே குற்றம். 2016 ஜூலையில் ஓப்பன் ஆபிஸில் ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. தீயோர் ஆக்கிய விளக்கக்காட்சிக் கோப்பு ஒன்றைத் திறந்தாலே கணினிக்குக் கேடு விளையக்கூடிய குறை அது. அறிவிப்பு வந்த நாளில் திருத்திய பதிப்பு ஆயத்தமாக இல்லை. தனி ஒட்டுத்திருத்தம் பின்னரே வந்தது. திருத்தம் அடங்கிய 4.1.3 பதிப்பு அக்டோபரில்தான் வெளியாயிற்று. இடையே, செப்டம்பரில், திட்டக் குழுவின் அப்போதைய தலைவர் டென்னிஸ் ஹாமில்ட்டன், திட்டத்திற்கு ஓய்வு கொடுப்பதானால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று குழுவினர்முன் வெளிப்படையாகவே விவாதத்திற்கு வைத்தார். கைகள் போதவில்லை என்பதைத் தலைவரே சொல்லும் நிலை. அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. அந்த விவாதம் முடிவு எதையும் தராமலே தேய்ந்துபோயிற்று.

அப்பாச்சி தரப்பின் வாதங்கள்

இத்தரப்பின் சார்பாகச் சொல்லப்படுவனவற்றையும் எடுத்து நோக்குதல் நடுநிலையாகும்.

முதலாவது, மாற்றம் குறைவாக இருப்பதே சிலர்க்கு வேண்டியது என்பர். பழகிய கருவியையே விரும்புவோர் உண்டு; உண்மைதான். மாறாமை வேறு, பழுது பாராமை வேறு. பழைய வீட்டை அப்படியே காப்பதாகச் சொல்பவர் கூரை ஒழுகும்போது ஏறி ஓடு மாற்றவாவது வேண்டும்.

இரண்டாவது, தளர்வான உரிமம் வேண்டுவோர்க்கு அப்பாச்சி நிரல் இருக்க வேண்டும் என்பர். நிறுவனங்களைப் பொறுத்தவரை இது மெய்யான காரணம். எனினும் உரிமத்தின் நுணுக்கத்தைப் பயன்படுத்துவோர் சில நிறுவனத்தார். பெயரை நம்பி எடுத்துக்கொள்வோர் பல கோடி வீட்டார். முன்னவர் வசதிக்காகப் பின்னவரை இருட்டில் வைத்தல் தகாது.

மூன்றாவது, தன்னார்வலர் தமக்கு விருப்பமான இடத்தில் உழைக்கலாம், அவர்களை வேறிடம் போகச் சொல்ல எவர்க்கும் அதிகாரமில்லை என்பர். இதுவே வலிய வாதம். கிளைத்தல் உரிமை என்றால் கிளையாதிருக்கும் உரிமையும் அதில் அடங்கும். சிறு குழுவினர் ஒரு பழைய நிரலை அன்போடு காத்துவருவதை எவரும் பழிப்பதற்கில்லை. ஆனால் இவ்வாதம் உழைப்பைப் பற்றியது, பெயரைப் பற்றியதன்று. உழைப்பு உழைப்பவர்க்குச் சொந்தம். பெயரின் மதிப்போ பல்லாண்டு பலர் உழைத்துச் சேர்த்த பொதுச் சொத்து. அதனைக் கையில் வைத்திருப்பவர் காப்பாளரேயன்றி அதனை ஆக்கியவர் அல்லர்.

நான்காவது, பதிவிறக்க எண்ணிக்கை காட்டப்படுகிறது. 2014 ஏப்ரலில் 10 கோடி என்றும், 2020-இல் 30 கோடி என்றும் அறிவித்தனர். இவ்வெண்களே அத்தரப்புக்கு எதிரான சான்றாகவும் நிற்கின்றன. பெரிய பதிப்பு எதுவும் வராத ஆண்டுகளில் 20 கோடி முறை ஒரு பொருள் எடுத்துச் செல்லப்பட்டது என்றால், அது பொருளின் வலிமையைக் காட்டவில்லை. பெயரின் வலிமையைக் காட்டுகிறது. பலகையைப் பார்த்து நுழைந்தவர் தொகை அது.

2020 அக்டோபரில் டாக்குமெண்ட் பவுண்டேஷன் அப்பாச்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் விடுத்தது. வளர்ச்சி நடக்கும் இடம் வேறு என்பதையாவது பயனர்க்குத் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

கிளையின் குறைகள்

லிப்ரெ ஆபிஸ் குறையற்றது என்பதும் பொருந்தாது. முதற்குறை அதன் பெயரே. ஒரு பாதி பிரெஞ்சும் ஸ்பானியமும் அறிந்தவர்க்கே விளங்கும். மறு பாதி ஆங்கிலம். எப்படி ஒலிப்பது என்று தெரியாத பெயர் வாய்வழிப் பரவாது. தற்காலிகமாக வைத்த பெயர் நிலைத்துவிட்டதனால் வந்த இடர்ப்பாடு இது.

இரண்டாவது குறை, கூலியைப் பற்றிய தெளிவின்மை. நிரலில் பெரும்பங்கு வேலை, சம்பளம் பெற்று உழைக்கும் நிறுவன வல்லுநர்களால் நடைபெறுகிறது. இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு அச்சம்பளம் எங்கிருந்து வருவது? 2020-இல் 7.0 பதிப்பின் முன்னோட்டத்தில் தனிநபர் பதிப்பு என்ற அடைமொழியைச் சேர்த்துப் பார்த்தனர். அலுவலகங்கள் பணம் கொடுத்து ஆதரவு பெறட்டும் என்பது அதன் உட்கருத்து. இலவசம் பறிபோகுமோ என்று சமூகத்தார் எதிர்ப்புத் தெரிவிக்கவே அவ்வடைமொழி கைவிடப்பட்டது. எதிர்ப்பு இயல்பானதே. ஆயினும் அடிப்படை வினா அவ்வண்ணமே நிற்கிறது. ஆரக்கிள் கைவிட்டதும் கூலிக் கணக்கு ஒவ்வாமையால்தான் என்றால், கிளையும் அவ்வினாவிலிருந்து தப்பியதாகாது.

மூன்று முடிவுகள்

பிற கிளைகளின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இவ்வழக்கின் தனித்தன்மை விளங்கும்.

மூல நிரலைப் பொறி வடிவுக்கு மாற்றும் ஜி.சி.சி. என்னும் கருவி, ஃப்ரீ சாப்ட்வேர் பவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்தது. அதன் வளர்ச்சி மந்தமாயிற்று என்று கருதிய வல்லுநர் சிலர் 1997-இல் ஈ.ஜி.சி.எஸ். என்னும் கிளையைத் தொடங்கினர். கிளை வேகமாக வளர்ந்தது. 1999 ஏப்ரலில் அவ்வமைப்பு கிளையையே அதிகாரப்பூர்வமான ஜி.சி.சி. என்று ஏற்று, பழைய பெயரை அதற்கு அளித்தது. பணி சென்ற இடத்திற்குப் பெயரும் சென்றது. இது தலையாய முடிவு.

ஹட்சன் என்பது மென்பொருளைத் தானே கட்டியமைத்துச் சோதிக்கும் ஒரு கருவி. சன் நிறுவனத்தில் பிறந்து, ஆரக்கிளிடம் சென்றது. பெயருரிமை பற்றிய பிணக்கால் 2011 ஜனவரியில் சமூகத்தார் வாக்களித்து ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிரிந்தனர். ஹட்சன் என்னும் பெயர் பின்னர் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது. கதை ஓப்பன் ஆபிஸின் கதையேதான். ஆனால் 2017-இல் ஹட்சன் வழக்கொழிந்தது என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. கடையை மூடி, மூடியதாக எழுதியும் வைத்தனர். இது இடைப்பட்ட முடிவு. எனினும் நேர்மையான முடிவு.

ஓப்பன் ஆபிஸ் மூன்றாவது வகை. பெயரும் கைமாறவில்லை, கடையும் மூடப்படவில்லை. உள்ளே சிலர் உழைக்கின்றனர். வெளியே பலகை பளபளக்கிறது. மூவகையினும் பயனர்க்கு இடர் மிகுந்தது இதுவே. செத்தது என்றால் வேறு தேடுவர். வாழ்கிறது என்றால் நம்புவர். இரண்டுங்கெட்ட நிலையில் எதுவும் தெரியாமல் இருப்பர்.

தீர்ப்பு

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழியை இங்கே சிலர் எடுத்தாளுவர். பிளவினால் பயனடைந்தது மைக்ரோசாப்ட் நிறுவனம் என்பது அவர்கள் கருத்து. பழமொழி பாதி பொருந்தும். உழைப்பாளரும் பயனரும் பிரிந்ததனால் நட்டம் நேர்ந்தது மெய். ஆனால் கிளைக்கும் உரிமை இல்லாதிருந்தால், 2011 ஏப்ரலில் ஆரக்கிள் கைவிட்டபோது ஊரே இல்லாமற் போயிருக்கக்கூடும். அந்நாளில் ஆயத்தமாக நின்று பணியைத் தொடர்ந்தவர்கள் பிரிந்துபோனவர்களே. ஆகவே பிளவைக் குற்றஞ்சாட்டுவது, வெள்ளத்தில் கரையேற்றிய தோணியைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

குற்றம் பிரிவில் இல்லை. பெயரைப் பணியிலிருந்து பிரித்துக் கொடுத்ததில் ஆரக்கிளின் குற்றம் இருக்கிறது. பெற்ற பெயருக்கு ஏற்ற பணி இல்லாத நிலையிலும் அதனை அறிவிக்காததில் அப்பாச்சியின் குற்றம் இருக்கிறது. சட்டம் இரண்டையும் தடுக்கவில்லை. சட்டம் தடுக்காத இடத்தில்தான் கடமை தொடங்குகிறது. பெயரை விட்டுக்கொடுக்க மனமில்லையாயினும், பதிவிறக்கப் பக்கத்தின் தலையில், கடைசிப் பெரும் பதிப்பு 2014-ஆம் ஆண்டினது, இதே மூலத்தின் வளர்ந்த கிளை இன்ன இடத்தில் உண்டு என்று இரண்டு வரி எழுதுதல் அரிய செயலன்று. அறிந்து தேர்ந்தவர் பழையதையே தேர்ந்தாலும் குறையில்லை. அறியாமல் தேர்வதே குறை.

தமிழர்க்கு இவ்வழக்கில் ஒரு தனிப் பங்கும் உண்டு. இத்தகைய மென்பொருள்களில் பட்டியல், கட்டளை முதலிய அனைத்தையும் தமிழில் காணும் வசதி, தன்னார்வலர் ஒவ்வொரு சொல்லாக அமர்ந்து பெயர்த்ததனால் வந்தது. லிப்ரெ ஆபிஸ் தமிழ் முகப்போடு கிடைக்கிறது. பெரிய மொழியினர் இரண்டு கிளைக்கும் ஆள் அனுப்பலாம். கைகள் சிலவாயுள்ள மொழியினர் எங்கே உழைப்பது என்று தேர்ந்தே உழைக்க வேண்டும். பெயர்த்த சொற்கள் புதுப்பிக்கப்படாத பதிப்பில் உறங்குமாயின், அவ்வுழைப்பு நூலகத்தின் பூட்டிய அலமாரியில் வைத்த நூலாகிவிடும்.

ஆதலின் எந்த மென்பொருளையும் கைக்கொள்ளுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. கடைசிப் பெரும் பதிப்பு எப்போது வந்தது? பாதுகாப்புக் குறை தெரிந்த நாளுக்கும் அது திருத்தப்பட்ட நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? புதிதாக வந்து உழைக்க விரும்புவோர்க்கு அங்கே வழி திறந்திருக்கிறதா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தருவது எதுவோ அதுவே வாரிசு. அதன் பெயர் எதுவாயினும் ஆகுக.